பத்திரமாக நகர்த்திய கல்

கல்லுக்குக் குங்குமம் வைத்திருந்தார்கள்.

வேலிக்கு நடுவார்களே, அந்த மாதிரி ஒரு கான்கிரீட் கல். மஞ்சள் பெயின்ட் அடித்தது. மணலுக்கு மேலே இடுப்பு உயரம் நிற்கும். அதற்கு மூன்று விரலால் விபூதிப் பட்டை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, ஒரு முழம் கதம்பமும் சுற்றியிருந்தார்கள். அடியில் கிடந்த தேங்காய் மூடியை ஒரு காக்கா கொத்திக்கொண்டிருந்தது.

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே உள்ள ஒரு மீனவர் குப்பம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஊர்ப் பெண்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். படகுகள் வந்து, ஏலம் முடிந்து, கரையெங்கும் டீசல் வாடையும் மீன் வாடையும் கலந்து கிடந்தன. வெயில் அப்போதுதான் உறைக்க ஆரம்பித்திருந்தது.

"இன்னா டீச்சரம்மா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற?"

கஸ்தூரி. அந்தக் குப்பத்தில் மீன் ஏலம் எடுத்து விற்பவள். எங்கள் கடற்கரை அளவைக் குழுவில் அந்த ஊருக்கு அவள்தான் பொறுப்பு. மாதம் ஒருமுறை அந்த மஞ்சள் கல்லிலிருந்து கடல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று டேப் பிடித்து அளந்து, எண்ணையும் போட்டோவையும் வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். மழை, காய்ச்சல், திருவிழா எதற்கும் ஒரு மாதம் தவறியதில்லை.

என்னை அவள் 'நீ' என்றுதான் கூப்பிடுவாள். அது பிரியம். அதிகாரிகளைத்தான் 'நீங்க' என்பாள். என்மேல் கோபம் வந்தால் எனக்கும் 'நீங்க' வரும்.

"இந்தக் கல்லுக்கு எதுக்கு இவ்வளவு அலங்காரம்?" என்றேன்.

"சும்மாவா நடுவாங்க? தேங்கா ஒடச்சித்தான் நட்டோம்."

"இதை நட்டு வருஷக்கணக்கா ஆச்சே?"

"அது அப்போ. இது இப்போ. அமாவாசைக்குக் கடலு ஏறிகினு வந்துச்சா, கல்லு காலாண்ட தண்ணி வந்துட்ச்சி. வுட்டா இஸ்துகினு பூடும்னு நாலு ஆம்பளைங்கள இட்டாந்து, நோண்டி எடுத்து, இந்தாண்ட கொண்டாந்து நட்டுட்டோம்."

"முன்னாடி எங்கே இருந்தது?"

கையை நீட்டினாள். அவள் காட்டிய இடத்தில் அலை உடைந்து நுரையாகப் பரவிக்கொண்டிருந்தது.

"இதுக்கு முன்னாலயும் நகர்த்தியிருக்கீங்களா, கஸ்தூரி?"

"பின்ன? கடலு ஏறச்சொல்லோ எல்லாம் நவுத்துவோம். ஒன் கல்லாச்சே டீச்சரம்மா, பத்ரமா பாத்துக்க வேணாமா?"

பெருமையாகச் சிரித்தாள். நான் கைப்பையோடு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

உட்காரத் தெரியாதவள்

நான் உட்கார்ந்தேன் என்பதே ஒரு செய்தி. எங்கள் வீட்டில் எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ஓய்வு என்பது மற்றவர்கள் சொல்கிற வார்த்தை. கூடுவாஞ்சேரி வீட்டில் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு நான் நடக்கிற நடையைப் பார்த்துவிட்டு, "உன் காலில் ஒரு மீட்டர் கட்டிவிட்டால் ஜிஎஸ்டி ரோட்டுக்கு டோல் போடலாம்" என்பார் என் கணவர். அவருக்கு என்ன, பேப்பரைப் பிரித்தால் மத்தியானம்வரை அசைய மாட்டார்.

இந்தக் கரை அளக்கிற வேலையை ஆரம்பித்தவர் சபாபதி. அணுபுரத்தில் இருக்கிற ஓய்வு பெற்ற இன்ஜினியர். நிதானமே உருவானவர். நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒரு வார்த்தை பேசுவார், அதையும் பாதியில் நிறுத்திவிடுவார். கோவளம் தொடங்கித் தெற்கே வரிசையாகக் குப்பங்களில் ஒவ்வொரு கல் நட்டோம். பௌர்ணமிக்கு மறுநாள் காலை, அந்தந்த ஊர்க்காரரே கல்லிலிருந்து ஈர மணல் தொடங்கும் இடம்வரை அளக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. பெரிய பெரிய கருவிகள் செய்வதை, ஒரு டேப்பும் ஒரு போனும் ஓரளவு செய்யும். யாராவது மாதாமாதம் போய் நிற்க வேண்டும், அதுதான் முக்கியம்.

கடல் சும்மா இருக்காது. ஒரு பருவத்தில் மணலை அள்ளிக்கொண்டு போகும், இன்னொரு பருவத்தில் திருப்பிக் கொட்டும். எல்லாக் குப்பத்துக் கோடும் என் கம்ப்யூட்டரில் ஏறி இறங்கி வளைந்து கிடந்தன. கஸ்தூரியின் குப்பத்துக் கோடு மட்டும் கொஞ்சம் இறங்கும். உடனே பழைய எண்ணுக்கே ஏறிவிடும். மறுபடி கொஞ்சம் இறங்கும். மறுபடி அதே எண்.

"நல்லதுதானே? ஒரு ஊராவது நிம்மதியா இருக்கட்டுமே" என்றார் என் கணவர்.

எனக்கு அவ்வளவு நல்ல எண் பிடிக்காது. காய்ச்சல்காரன் உடம்பு தினமும் ஒரே சூட்டில் இருந்தால், சந்தேகம் தெர்மாமீட்டர்மேல்தான் வர வேண்டும். இரண்டு நாள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். மூன்றாம் நாள் விடிந்ததும் வண்டலூருக்கு ரயில், கேளம்பாக்கத்துக்கு பஸ், அங்கிருந்து கோவளம், பிறகு ஷேர் ஆட்டோ. போய் இறங்கினால் கல்லுக்குக் குங்குமம்.

ஒன்றும் இல்லை என்று யாரும் எழுதுவதில்லை

போன வாரம் இதே பத்தியில் எங்கள் ஊர் ஏரியில் பறவை எண்ணப் போகிறவர்களைப் பற்றி எழுதியிருந்தேன். இரண்டு பேர் போன் பண்ணிச் சண்டை போட்டார்கள். "நாங்க பார்த்ததைத்தானே எழுதினோம், பொய்யா எழுதினோம்?" என்று கேட்டார் ஒருவர்.

பொய் எழுதவில்லை சார். பறவை வராத ஏரிக்கு நீங்கள் போவதை நிறுத்திவிட்டீர்கள். போனாலும், ஒன்றையும் பார்க்காத நாளில் ஒன்றும் எழுதாமல் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். பட்டியலில் பறவை நிறைந்த நாட்கள் மட்டும் இருக்கின்றன. அதைக் கூட்டிப் பார்த்தால் ஏரி அமோகமாக இருக்கிறது என்று வருகிறது. ஏரிக்குப் போய்ப் பார்த்தால் ஆகாயத்தாமரை. இதைச் சொன்னால் கோபம் வருகிறது. என்ன செய்ய?

எங்கள் தெருவில் ஒரு கொன்றை மரம் இருக்கிறது. எந்த வாரம் மொட்டு, எந்த வாரம் பூ என்று குறித்துவைக்கும் வேலையை எதிர்வீட்டு அம்மாளிடம் கொடுத்திருந்தேன். ஒரு வருஷம் தை மாதமே நாலு கொத்து பூத்துவிட்டது. அந்த அம்மாள் எழுதவே இல்லை. கேட்டால், "அது சித்திரையில பூக்குற மரம்டி. ஏதோ தெரியாம பூத்துடுச்சு, அதைப் போய் எழுதுவாளா?" என்றாள். மரத்தின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

இயற்கையைக் கணக்கெடுக்கச் சாதாரண மனிதர்கள் வேண்டும். சம்பளத்துக்கு வருகிறவர்கள் தினமும் வர மாட்டார்கள், பாசம் உள்ளவர்கள்தான் வருவார்கள். அந்தப் பாசம்தான் சில நேரம் எண்ணுக்குள் கையை விட்டுக் கலக்கிவிடுகிறது. வகுப்பில் நான் இதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. எனக்கே அப்போது தெரியாது.

எல்லாமே நகரும் கரை

கரைக்கு வருகிறேன்.

கோபத்தில் எழுந்து நின்றபிறகுதான் சுற்றிலும் பார்த்தேன். அந்தக் கரையில் நகராதது எது? கடல் ஏறும் என்று தெரிந்தால் ஊரே கூடிப் படகுகளை மேலே இழுக்கும். வலை அடுக்குகிற கொட்டகையைப் பிரித்துப் பின்னால் கட்டும். மீன் விற்கிற இடத்துக் குடையைப் பிடுங்கிப் பின்னால் நடும். கன்னியம்மனின் சூலத்தைக்கூடப் பூசை போட்டுப் பின்னால் கொண்டுபோய் வைப்பார்கள். அப்படி வைக்கும்போது தேங்காய் உடைப்பது வழக்கம். ஊர்ச் சொத்து எதையும் கடலுக்குக் கொடுக்கக் கூடாது. எங்கள் மஞ்சள் கல்லும் ஊர்ச் சொத்தாகிவிட்டது.

"நகர்த்தினா நகர்த்திட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன்.

"இன்னாத்துக்குக் கத்துற? ஏனோதானோன்னா நட்டோம்? மொதல்ல நீ நடச்சொல்லோ தண்ணிக்கும் கல்லுக்கும் எத்தினி கேப்பு இருந்துச்சோ, டேப்பு புடிச்சி கரெக்டா அத்தினியே வுட்டுத்தான் நடுவோம். ஒரு ஜாண் வித்தியாசம் வராது."

அதுதான் அந்த அழகான எண். அளவு மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் தன் பொறுப்பு என்று கஸ்தூரி நினைத்திருக்கிறாள். கடல் வர வரக் கல்லைப் பின்னால் கொண்டுபோய், கணக்காக அதே தூரத்தில் நட்டு, அதையே அளந்து அனுப்பியிருக்கிறாள். டேப்பின் எண் தெளிவாகத் தெரியும்படி போட்டோ எடுக்கச் சொல்லியிருந்தோம். அதனால் எல்லாப் படத்திலும் டேப்பும் கல்லும்தான் இருந்தன. கல் எங்கே நிற்கிறது என்று எதிலும் தெரியாது.

"அய்யோ கஸ்தூரி, உங்க ஊர் கரை அப்படியே இருக்குன்னு இல்லம்மா இந்த எண் சொல்லுது! ஆபீசர் வரப்போறாரே!"

இதை விளக்க வேண்டும். கடலரிப்பைத் தடுக்க அந்தப் பகுதியில் கரையோரம் பாறாங்கல் கொட்டப் போகிறார்கள் என்று பேச்சு. ஊர்ப்பக்கம் அதைக் 'கல்லு கொட்டுறது' என்பார்கள். எல்லாக் குப்பத்துக்கும் ஒரே நேரத்தில் முடியாது. கடல் எங்கே அதிகம் ஏறியிருக்கிறதோ அங்கே முதலில். அதற்காக எங்கள் அளவுகளையும் கேட்டு வாங்கியிருந்தார் ஒரு அதிகாரி. சில வாரங்களில் நேரில் வருவதாகச் சொல்லியிருந்தார். எங்கள் அளவின்படி கஸ்தூரியின் குப்பத்தில் கடல் ஒரு அடிகூட ஏறவில்லை.

கஸ்தூரிக்கு இப்போதுதான் புரிந்தது. முகம் செத்துவிட்டது. "நாங்க நல்லதுக்குத்தானே செஞ்சோம்" என்றாள் மெல்ல. உடனே நிமிர்ந்து, "கல்ல நவுத்தாதன்னு நீங்க சொன்னீங்களா? நீங்க படிச்சவங்க, நீங்க சொல்லணும்" என்றாள்.

'நீங்க' வந்துவிட்டது. அதோடு அவள் சொன்னதும் நியாயம். சபாபதிக்குப் போன் போட்டேன். முழுவதும் கேட்டார். பிறகு, "மொத்தம் எத்தனை தடவை..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். அது யாருக்கும் ஞாபகம் இல்லை.

பிறந்தநாள் கேக்கும் தண்ணீர்த் தொட்டியும்

வழி கஸ்தூரியின் போனிலேயே இருந்தது. அவள் வீட்டுக்காரர் ஏழுமலை படகு வைத்திருப்பவர், அதிகம் பேசாதவர். அவர் கல்லில் சாய்ந்து பல் துலக்குகிற போட்டோ ஒன்றை என்னிடம் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கோபம் தணிந்து 'நீ' திரும்பியிருந்த நேரம். நான் சிரிக்கவில்லை. ஏழுமலைக்குப் பின்னால் ஊர்த் தண்ணீர்த் தொட்டியும் செல்போன் டவரும் ஒன்றின் பின் ஒன்றாகத் தெரிந்தன.

மஞ்சளாகப் பளிச்சென்று ஒரு கல் கரையில் நின்றால் ஜனங்கள் சும்மா விடுவார்களா? அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளாத குடும்பமே அங்கே இல்லை. கஸ்தூரி வீடுவீடாகப் போய்ப் போனைப் பிடுங்காத குறையாகப் படம் வாங்கினாள். முதல் பிறந்தநாள் குழந்தையைக் கல்லின்மேல் உட்கார வைத்த படம். புது பைக்குக்கு எலுமிச்சம்பழம் வைத்த படம். கல்லைக் கட்டிக்கொண்டு தூங்கும் ஒரு குடிகாரன். அவன் மானத்தை உத்தேசித்து அவன் மனைவி அந்தப் படத்தைத் தர முதலில் மறுத்தாள்.

ஒவ்வொரு படத்திலும் பின்னணியில் தொட்டி, டவர், கோயில் இவற்றில் குறைந்தது இரண்டு தெரிந்தன. படத்தில் அவை எப்படித் தெரிகின்றனவோ அப்படியே கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் போய் நின்றால், அன்று கல் நின்ற இடம் அதுதான். படகுக்காரர்கள் கடலில் இருந்தபடி கரையைப் பார்த்து இடம் கண்டுபிடிக்கிற அதே கணக்கு. சபாபதி அளவுகளை வைத்துச் சரிபார்த்தார். எந்தப் படம் எப்போது எடுத்தது என்று போனே சொல்லிவிடும்.

சில ஞாயிறுகள் இதே வேலை. வெயிலில் நின்று நின்று எனக்கு மூக்கு உரிந்தது. வேலை நடக்கிற வேகம் எனக்குப் போதவில்லை. எல்லோரையும் விரட்டினேன். கஸ்தூரி என்னையே விரட்டினாள். "வா டீச்சரம்மா, ஒக்காராத. நம்ம ஊருக்குத்தான் மொதக் கல்லு."

கடைசியாக, முதன்முதலில் கல் நின்ற இடம் கிடைத்தது. அங்கே போய் நிற்க ஒருவரும் வரவில்லை. அது கடலுக்குள் இருந்தது.

நெத்திலி வாங்கி வந்த நாள்

சபாபதி எல்லாவற்றையும் ஒரு படமாக வரைந்துகொண்டு குப்பத்துக்கு வந்தார். ஊர்க்காரர்களுக்கு ஒரே சந்தோஷம். கடல் இவ்வளவு ஏறியிருக்கிறது என்றால் கல்லு கொட்டுவது நிச்சயம். அப்போதுதான் அவர் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொன்னார். "கரை இவ்வளவு போயிருந்தால், தண்ணீருக்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கிற முன்வரிசை வீடுகளைக் காலி பண்ணி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இடம் கொடுப்பார்கள் என்று அதிகாரி சொல்கிறார்."

முன்வரிசையில் கடலுக்கு மிக அருகில் இருப்பது கஸ்தூரியின் வீடு.

மறுநாள் காலை அவள் கூடுவாஞ்சேரிக்கு வந்துவிட்டாள். முன்பு ஒருமுறைகூட என் வீட்டுக்கு வந்ததில்லை. மூன்று பஸ் மாறி, கையில் ஒரு பை நெத்திலியோடு வந்திருந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். என் கணவர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேப்பரோடு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். கெட்டிக்காரர்.

"அந்தக் கணக்கக் கொஞ்சம் கொறச்சிப் போடேன்."

"எவ்வளவு குறைக்கணும்?"

"கல்லும் கொட்டணும், என் வூடும் இருக்கணும். அந்த அளவுக்கு."

இப்படி ஒரு எண்ணை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அவள் கேலி பண்ணவில்லை. கண்ணில் தூக்கமே இல்லை.

"ரோட்டுக்கு அந்தாண்ட போயிட்டா நான் இன்னா பண்றது, நீயே சொல்லு. போட்டு வரச்சொல்லோ கரையில நிக்கணும். நான் ரோட்டத் தாண்டி ஓடியாரதுக்குள்ள மீனு எவளோ எடுத்துகினு பூடுவா. அந்த வூட்ட நான் மீன் வித்துக் கட்டினேன் டீச்சரம்மா. ஏழுமல கட்டல. நான் கட்டினேன்."

"குறைச்சு எழுத மாட்டேன் கஸ்தூரி."

"ஏன்? ஒனக்கு இன்னா போவுது? கடலு வந்து ஒன் வூட்டக் கேக்குதா?"

எனக்குச் சுருக்கென்றது. என்னிடம் இருந்த பதிலெல்லாம் பாடப் புத்தகத்துப் பதில். அழுகை வந்தது, ஆனால் என் ராசி, அது வெளியே வரும்போது கோபமாக மாறிவிடும். "நீ பாதுகாப்பா இருக்கணும்னுதான் சொல்றேன்! ஒருநாள் தண்ணி உள்ளே வந்தா அப்போ என்னடி பண்ணுவே?" என்று கத்தினேன்.

"வந்தா பாத்துக்கறேன். எங்க வூட்ட நாங்க பாத்துக்கறோம். நீங்க ஒங்க வேலயப் பாருங்க."

எழுந்துவிட்டாள். வாசல்வரை பின்னால் ஓடி அவள் கையைப் பிடித்தேன். மூச்சு வாங்கியது.

"இதைக் கேளு. அந்தப் படமெல்லாம் உங்க ஊருடையது. கல்லைப் பார்த்துக்கிட்டது நீ. குடுக்க வேணாம்னு நீ சொன்னா நான் குடுக்க மாட்டேன். சபாபதியும் குடுக்க மாட்டார். நான் சொல்லிக்கறேன். ஆனா குடுத்தா முழுசாத்தான் குடுப்பேன். பாதி உண்மையெல்லாம் எனக்கு எழுத வராது."

"குடுக்கலன்னா?"

"உங்க ஊர்ல ஒண்ணும் நடக்கலைன்னு எழுதிக்குவாங்க. கல்லு வேற ஊருக்குப் போகும்."

கையை உருவிக்கொண்டு போய்விட்டாள். அன்று முழுவதும் நான் அறை அறையாக நடந்தேன். மொட்டை மாடிக்குப் போனேன், இறங்கினேன். நெத்திலியைச் சுத்தம் பண்ண எடுத்து, பாதியில் விட்டுவிட்டு மறுபடி நடந்தேன். ஒரு பெண்ணின் தலையில் இவ்வளவையும் தூக்கி வைத்துவிட்டேனே, இது நியாயமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க அவளிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை.

ஏலக்கூடத்தில்

அதிகாரி சொன்ன நாளில் வந்துவிட்டார். இளைஞர். ஷூவுக்குள் போன மணலைத் தட்டிக்கொண்டே வந்தார். மீன் ஏலம் முடிந்த கூடத்தைக் கழுவி, பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். ஊர் ஜனம் முழுக்க அங்கே. கஸ்தூரி தூணோரமாக, பெண்களுக்குப் பின்னால் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

"உங்க ஊர் பழைய அளவுகளைப் பார்த்தேன்" என்றார் அதிகாரி. "மாற்றமே இல்லையே? மற்ற ஊர்களில்தான் பிரச்சினை அதிகமாகத் தெரியுது."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. சபாபதி வரைந்த படம் என் பைக்குள் இருந்தது. எடுக்கவில்லை. வாயைத் திறந்தால் ஏதாவது உளறிவிடுவேன் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். நான் சும்மா நின்ற நேரங்களில் அதுதான் மிக நீளமானது. முன்வரிசை வீட்டுப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, அப்போ நான் அடுத்த ஊருக்கு..." என்று எழுந்தார்.

"கல்ல நாங்கதான் சார் நவுத்தினோம்."

கஸ்தூரி முன்னால் வந்தாள். "கடலு வரச்சொல்லோ எல்லாம் நவுத்தினோம். நான்தான் நவுத்தச் சொன்னேன். கல்லு மொதல்ல எங்க இருந்துச்சுன்னு காட்டறேன், வாங்க."

பதிலுக்குக் காத்திருக்காமல் கரையைப் பார்த்து நடந்தாள். பின்னாலேயே மொத்த ஊரும். அந்த ஊர்ப் பெண்கள் கடலில் இறங்குவதில்லை, கரையோடு சரி. கஸ்தூரி டேப்பின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு, புடவையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு, அலைக்குள் இறங்கினாள். "ஏய், ஏய்" என்று ஏழுமலை பின்னால் ஓடினார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே உள்ளே போனாள். திரும்பித் திரும்பித் தொட்டியையும் டவரையும் கோயிலையும் பார்த்தாள். தொட்டியும் டவரும் ஒன்றின் பின் ஒன்றாக வந்து, கோயிலும் படத்தில் இருந்தபடியே தெரிந்த இடத்தில் நின்றாள். தண்ணீர் அவள் இடுப்புக்கு இருந்தது.

"இங்கதான்! இங்கதான் கல்லு இருந்துச்சி! டீச்சரம்மா, இஸ்துப் புடி!"

டேப்பின் மறுமுனை என் கையில். ஈர மணல் தொடங்கும் இடம்வரை இழுத்தேன். அதிகாரி குனிந்து எண்ணைப் படித்தார். நான் போதும் என்று கையைக் காட்டினேன்.

"அங்க நிக்காத! எங்க வூட்டு வாசல்வரைக்கும் புடி!"

"வேண்டாம் கஸ்தூரி, இதுவே போதும்."

"புடின்னா புடி!"

பிடித்தேன். படகுகளைத் தாண்டி, குங்குமம் காய்ந்துபோன மஞ்சள் கல்லைத் தாண்டி, அவள் வாசல்படிவரை நடந்தேன். அதிகாரி பின்னாலேயே வந்து படித்தார். இரண்டு எண்ணையும் கழித்துப் பார்த்தார். முதல் கல்லைத் தாண்டிக் கடல் வந்திருக்கிற தூரமும், வீட்டுக்குப் பாக்கி இருக்கிற தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன.

கஸ்தூரி கரையேறி வந்தாள். புடவையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இன்னா வந்துச்சி?"

"வந்தது பாதி" என்றேன். "பாக்கி பாதி."

வாசல்படியைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள். கணக்கு அவளுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அதிகாரி பேப்பரை எடுத்தார். காலி பண்ண வேண்டிய வீடுகள் எவை என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். முன்வரிசைப் பெண்கள் கஸ்தூரியைப் பார்த்தார்கள்.

"எங்க வூட்ட மொதல்ல போடுங்க" என்றாள் கஸ்தூரி. "அப்புறம் அவளுங்க என்னக் கேக்க முடியாது."

அதிகாரிக்கு வீட்டுக்காரர்களின் பெயர்கள் சரியாகப் பிடிபடவில்லை. பேப்பரை என்னிடம் நீட்டினார். பேனாவைத் திறந்தேன். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"இன்னா பாத்துகினு கீற? எழுது டீச்சரம்மா" என்றாள் கஸ்தூரி. "கல்ல மாதிரி வூட்டத் தூக்கினு போய்ப் பின்னால நட முடியுமா?"

எழுதினேன்.